பாடநூலுக்கும் ஆற்றங்கரைக்கும் இடையில்: ஜொகூர் மாநிலத்திற்கு ஒரு சுற்றுச்சூழல் கல்வித் திட்டம்

தமிழ் இலக்கியம் படித்த எவருக்கும் ஐந்திணை புதிதன்று. குறிஞ்சி என்றால் மலை, நெய்தல் என்றால் கடல். அந்தந்த நிலத்திற்குரிய பூ, பறவை, தொழில், பொழுது என வரிசையாகச் சொல்லிவிடுவோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருப்போம். ஆனால், நாம் வாழும் தாமானுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் பெயர் என்ன? அது எங்கே தோன்றி எங்கே கடலில் கலக்கிறது? நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் எந்த ஆற்று நீர்? இக்கேள்விகளுக்கு நம்மில் எத்தனை பேரால் உடனே விடை கூற முடியும்?

நிலத்தை அறிந்து வாழ்ந்த மரபு நம்முடையது என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்த அறிவு இன்றைய மாணவனுக்கு எவ்வழியில் கிடைக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் அதிகம் சிந்திப்பதில்லை. நான் ஜொகூரில் பிறந்து, அங்குள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றில் படித்து, பின்னர் இக்கழகத்தில் உறுப்பினராக இருந்தவன். ஆகவே, ஒரு மாநிலம் தன் பள்ளிகளுக்கும் மக்களுக்கும் சுற்றுச்சூழல் கல்வித் திட்டம் ஒன்றை வகுப்பதாயின் அது எப்படி அமைய வேண்டும் என்பதை என் மாநிலத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

2019 கற்றுத் தந்த பாடம்

2019 மார்ச் 7ஆம் நாள், பாசிர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் லோரியில் கொண்டுவரப்பட்ட இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அதிலிருந்து எழுந்த நச்சு வாயுவால் முதலில் பாதிக்கப்பட்டவர்களில் அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்களும் அடங்குவர். மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல் என்று பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சில நாள்களில் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டியது. பாசிர் கூடாங் வட்டாரத்திலிருந்த 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வட்டாரத்தில் மீண்டும் மாணவர்கள் மூச்சுத் திணறலுக்கு உள்ளாக, மறுபடியும் பள்ளிகள் மூடப்பட்டன.

இடைப்பட்ட ஏப்ரல் மாதத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. ஜொகூர் ஆற்றில் அம்மோனியா அளவு உயர்ந்ததால் அங்குள்ள நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை நீர் எடுத்துக்கொள்ளும் ஆறும் அதுதான். ஆகவே, இது ஜொகூர் வாசகர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று.

இந்நிகழ்ச்சிகளுக்குப் பிறகு, ‘பள்ளியில் சுற்றுச்சூழல் கல்வி வலுப்பெற வேண்டும்’ என்ற கருத்தைப் பலர் கூறக் கேட்டேன். கருத்து நல்லதே. ஆயினும் அதைச் சற்று நின்று ஆராய வேண்டும். ஆற்றில் இரசாயனத்தைக் கொட்டியது பள்ளிப் பிள்ளையன்று. கொட்டுவது குற்றம் என்று அறியாததால் அது கொட்டப்படவும் இல்லை. அட்டவணையிடப்பட்ட கழிவுகளை எப்படி அகற்ற வேண்டும் என்பதற்கு 2005 முதலே தனி விதிமுறைகள் உண்டு. 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. குற்றத்தைத் தடுப்பது சட்டத்தின் வேலை, அமலாக்கத்தின் வேலை. ‘குப்பை போடாதே’ என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு அந்தப் பொறுப்பைக் கழித்துவிட முடியாது.

அப்படியானால் கல்வியின் வேலை என்ன? தன் ஆறு வழக்கமாக எந்த நிறத்தில் ஓடும், எப்படி மணக்கும் என்பதை அறிந்த மக்களை உருவாக்குவது. வழக்கத்தை அறிந்தவனுக்கே மாற்றம் தெரியும். மாற்றம் தெரிந்தவன் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மாநிலத் திட்டம் என்று ஒன்று வருமானால் அதன் உயிர்நாடி இதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எது யார் கையில்?

திட்டம் தீட்டுமுன் ஓர் அடிப்படை உண்மையை அறிந்துகொள்வது அவசியம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, எந்தெந்தத் துறை கூட்டரசுக்குரியது, எது மாநிலத்திற்குரியது, எது இருவருக்கும் பொதுவானது என்று பட்டியலிடுகிறது. ‘சுற்றுச்சூழல்’ என்ற பெயரில் தனித் தலைப்பு அதில் இல்லை. கல்வி கூட்டரசுப் பட்டியலில் உள்ளது. எனவே, கலைத்திட்டம், பாடநூல், ஆசிரியர் நியமனம் எதையும் ஒரு மாநில அரசு தன் விருப்பப்படி மாற்ற இயலாது.

மாநிலப் பட்டியலைப் பாருங்கள். நிலம், காடு, ஆறு, ஊராட்சி மன்றங்கள், மாநில நூலகங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவை அதில் உள்ளன. ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும்கூடத் தனியொரு வரியாக இடம்பெற்றுள்ளன! சுருங்கக் கூறின், பாடநூல் கூட்டரசிடம் இருக்கிறது. பாடநூல் விவரிக்கும் இடங்கள் மாநிலத்திடம் இருக்கின்றன.

பல மாநிலத் திட்டங்கள் சுவரொட்டிப் போட்டி, புதிர்ப்போட்டி, ஒருநாள் மரம் நடுவிழா என்று முடிந்துவிடுவதற்கு இப்பிரிவினையும் ஒரு காரணம் என நான் நினைக்கிறேன். பாடத்தைத் தொட முடியாத மாநிலம் விழாவை நடத்துகிறது. இடத்தைத் தொட முடியாத பள்ளி பாடத்தை நடத்துகிறது. இரண்டையும் இணைக்கும் பாலமே மாநிலத் திட்டமாக அமைய வேண்டும்.

கையில் இருப்பவை

நாம் வெறுங்கையோடு தொடங்கவில்லை. 1998இலேயே கல்வி அமைச்சு, எல்லாப் பாடங்களிலும் சுற்றுச்சூழல் கல்வியை இணைத்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்குக் கையேடு வெளியிட்டது. 2005இல் தொடங்கிய ‘செக்கோலா லெஸ்தாரி’ விருதுத் திட்டம் பள்ளியின் நிர்வாகம், கலைத்திட்டம், புறப்பாடம், பசுமையாக்கம் ஆகிய நான்கையும் மதிப்பிடுகிறது. 2011இல் முதலாம் ஆண்டிலிருந்து அறிமுகமான கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தில் சுற்றுச்சூழல் நிலைத்தன்மை, விரவிவரும் கூறுகளுள் ஒன்று. நாள் பாடத்திட்டம் எழுதும் ஆசிரியர்கள் அனைவரும் அச்சொல்லை நன்கு அறிவர்.

ஜொகூருக்கென்றே இன்னொன்றும் உண்டு. இஸ்கண்டார் மலேசியா வட்டாரத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்காக 2013இல் ‘இக்கோலைஃப்’ சவால் தொடங்கப்பட்டது. ஜப்பானின் கியோத்தோ நகரில் சிறுவர்களுக்கு நடத்தப்பட்ட திட்டமே இதற்கு முன்மாதிரி. மாணவர்கள் தம் வீட்டு மின்சாரப் பயன்பாட்டையும் குப்பையையும் கவனித்துப் பயிற்றேட்டில் பதிவு செய்து, குறைக்கும் வழிகளைக் குடும்பத்தோடு சேர்ந்து தேட வேண்டும். போட்டி என்ற பெயர் இருப்பினும், பள்ளியில் தொடங்கும் பாடம் வீட்டின் சமையலறைக்குள் நுழைவது இதன் சிறப்பு.

இயற்கை வகுப்பறைகளுக்கும் குறைவில்லை. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப், பூலாய் ஆற்று முகத்துவாரம் ஆகிய மூன்று சதுப்புநிலங்கள் 2003 ஜனவரியில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்டன. வடக்கே எண்டாவ் ரோம்பின் காடு இருக்கிறது. ஆனால், பாசிர் கூடாங்கிலோ குளுவாங்கிலோ படிக்கும் ஒரு பிள்ளைக்குத் தஞ்சோங் பியாய் என்பது பேருந்துக் கட்டணமும் அனுமதிக் கடிதமும் தேவைப்படும் ஒருநாள் சுற்றுலா. அப்பிள்ளை நாள்தோறும் கடந்து செல்லும் கால்வாய்தான் அதன் உண்மையான பாடம்.

எங்கே நின்றுவிடுகிறோம்?

1977 அக்டோபரில், ஜோர்ஜியாவின் திபிலிசி நகரில் யுனெஸ்கோவும் ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டமும் இணைந்து நடத்திய மாநாடு, சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. ஐம்பது ஆண்டுகள் நெருங்கும் இந்நாளிலும் இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

மாணவனாக இருந்த காலத்தில் கழகத்தின் சமூகப் பணிக்காகச் சில தமிழ்ப்பள்ளிகளுக்குச் சென்றிருக்கிறேன். சுவர்களில் சுற்றுச்சூழல் ஓவியங்கள் அழகாகத் தொங்கும். உருகும் பனிமலை, தனியே நிற்கும் பனிக்கரடி, நெகிழிப் பையை விழுங்கும் திமிங்கலம்! ஒரு பள்ளியில் வேலிக்கு அப்பால் கறுத்த நீரோடு ஒரு ‘லோங்காங்’ ஓடிக்கொண்டிருந்தது. அதை எந்தப் பிள்ளையும் வரைந்திருக்கவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. சுற்றுச்சூழல் என்பது வேறெங்கோ இருக்கிறது என்று நாமே கற்றுக் கொடுத்திருக்கிறோம். ஐந்து படிகளில் முதல் படியான விழிப்புணர்விலேயே நம் முயற்சிகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதுவும் தொலைதூரத்து விழிப்புணர்வாக.

திட்டத்தில் இருக்க வேண்டிய ஐந்து

*முதலாவது, பள்ளிக்கு ஓர் இடம்.* மாநிலத்தின் ஒவ்வொரு பள்ளிக்கும் நடந்து செல்லும் தூரத்தில் ஓர் ஆற்றங்கரையோ குளமோ கண்டல் காடோ கால்வாயோ ஒதுக்கித் தரப்பட வேண்டும். நிலமும் ஆறும் மாநிலத்தின் கையில் இருப்பதால் இதற்குக் கூட்டரசின் அனுமதியை எதிர்பார்க்கத் தேவையில்லை. பாதுகாப்பாக நின்று பார்க்க ஒரு கைப்பிடிச் சுவர், நிழலுக்கு ஒரு கொட்டகை, ஆற்றின் பெயரும் அதன் பாதையும் எழுதிய ஒரு பலகை போதும். ‘ஆற்றருகே பிள்ளைகளை அழைத்துச் செல்வது ஆபத்தல்லவா?’ என்று பெற்றோர் கேட்பர். 2019க்குப் பின் அக்கேள்வி மிக நியாயமானது. எனவே பிள்ளைகள் நீரில் இறங்கலாகாது. கரையிலிருந்தோ பாலத்திலிருந்தோ பார்க்க வேண்டும். நீர் மாதிரியைப் பெரியவர் ஒருவரே கையுறையணிந்து எடுக்க வேண்டும். வழக்கத்திற்கு மாறான வாடை வந்தால் உடனே அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். இவ்விதிகளே பிள்ளைக்கு ஒரு பாடந்தான்.

*இரண்டாவது, ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும்.* ஆசிரியர்களின் பணிச்சுமை நாம் அறியாததன்று. இன்னொரு கோப்பு, இன்னொரு அறிக்கை என்று திட்டம் வந்தால் அது அலமாரியில்தான் உறங்கும். ஏற்கெனவே நடத்தும் பாடத்தோடு பொருந்தி வந்தால் அது வாழும். கணிதத்தில் பட்டைக் குறிவரைவு கற்பிக்கும் வாரத்தில் பள்ளியின் மழைமானி அளவுகளைக் குறிக்கலாம். தமிழ்மொழியில் வான்சிறப்பு அதிகாரத்துக் குறளைப் படிக்கும்போது அதே அளவுகளைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம். அறிவியலில் நீரின் தெளிவையும் வெப்பநிலையையும் அளக்கலாம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டு வகுப்புசார் மதிப்பீடு முதன்மை பெற்றபின், இத்தகைய பதிவுகளை மாணவரின் அடைவுச் சான்றாகவே பயன்படுத்த இடமுண்டு.

*மூன்றாவது, கேள்விக்குப் பதில்.* என் பார்வையில் இதுவே மற்ற நான்கையும் தாங்கும் தூண். நம் நாட்டில் ஆற்று நீரின் தரம் ஆறு கூறுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது: கரைந்த உயிர்வளி, உயிர்வேதி உயிர்வளித் தேவை, வேதி உயிர்வளித் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள், அமில காரத் தன்மை. இவற்றிலிருந்து பெறும் நீர்த்தரக் குறியீடு 81க்கு மேலிருந்தால் நீர் தூயது. 60 முதல் 80 வரை சற்று மாசுபட்டது. அதற்குக் கீழ் மாசுபட்டது. தொடக்கப்பள்ளி மாணவரால் இவையனைத்தையும் அளக்க முடியாது. எனினும் நிறம், வாடை, தெளிவு, வெப்பநிலை, நீரில் வாழும் பூச்சிகள் ஆகியவற்றைக் குறிக்க முடியும். மாசைத் தாங்காத சில பூச்சிகளின் இளம்பருவம் காணப்பட்டால் நீர் நன்றாக இருக்கிறது என்று பொருள். சிவந்த புழுக்கள் மட்டுமே நெளிந்தால் நீரில் உயிர்வளி குறைவு என்று பொருள்.

மாதந்தோறும் இவ்வாறு எழுதிய தாள் எங்கே போகிறது? இங்கேதான் திட்டத்தின் உண்மையான சோதனை இருக்கிறது. அது ஆசிரியர் கோப்பில் முடியுமானால் பிள்ளை கற்றுக்கொள்வது, ‘பார்த்தும் பயனில்லை’ என்பதையே. ஆகவே, மாவட்டத்துக்கொரு பொறுப்பதிகாரி குறிக்கப்பட்டு, பள்ளியிலிருந்து வரும் ஒவ்வொரு பதிவிற்கும் குறிப்பிட்ட நாள்களுக்குள் எழுத்து வடிவில் பதில் தர வேண்டும். ‘சென்று பார்த்தோம், மேலே நடைபெறும் கட்டுமானத்தால் மண் கலந்துள்ளது’ என்ற ஒரு வரி போதும். பதில் கடிதத்தைச் சபைகூடலில் வாசிக்கும் பள்ளியில், பங்கேற்பு என்ற ஐந்தாவது நோக்கத்தைப் பற்றித் தனியே பாடம் நடத்தத் தேவையில்லை.

*நான்காவது, வீடும் தாமானும்.* சமூகத்திற்கான கல்வி என்றால் மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு என்று எண்ணுவது வழக்கம். வீட்டு வாசலில் வந்து நிற்கும் குப்பை லோரியைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. திடக்கழிவு நிர்வாகச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. அங்கே 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும். வாரத்தில் இருமுறை பொதுக் குப்பை, ஒருமுறை மறுசுழற்சிப் பொருளும் பெரும் பொருள்களும் எடுக்கப்படும் என்பது முறை. இதை எத்தனை வீடுகளில் பாட்டிகள் அறிவர்? அறிவிப்பு பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தரம் பிரிக்க வேண்டியவரோ தமிழ் மட்டும் வாசிப்பவராக இருக்கலாம், வாசிக்கவே தெரியாதவராகவும் இருக்கலாம். குடியிருப்பாளர் சங்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம் ஆகியவற்றைத் திட்டம் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்னதானத்திற்கு நெகிழிப் பொட்டலமா, கழுவிப் பயன்படுத்தும் தட்டா என்று ஒரு கோயில் எடுக்கும் முடிவு, நூறு சுவரொட்டிகளைவிட அதிகம் கற்பிக்கும்.

*ஐந்தாவது, அளவுகோல்.* எத்தனை நிகழ்ச்சிகள் நடத்தினோம், எத்தனை பேர் கலந்துகொண்டனர் என்ற கணக்கு எளிது, பயன் குறைவு. மாறாக, எத்தனை பள்ளிகள் ஆண்டு முழுவதும் விடாமல் பதிவு செய்தன? எத்தனை பதிவுகளுக்குப் பதில் வந்தது? ஆறாம் ஆண்டை முடிக்கும் மாணவன் தன் வீட்டு நீர் வரும் வழியையும் கழிவுநீர் போகும் வழியையும் வரைந்து காட்ட இயலுமா? இவற்றை மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

தமிழ்ப்பள்ளிகளும் நாமும்

ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டப்புறங்களில் தோன்றியவை. ரப்பர், செம்பனை நிரைகளுக்கு நடுவே படித்த முந்தைய தலைமுறைக்கு ஓடையும் காடும் விளையாட்டுத் திடலாக இருந்தன. எந்த ஓடையில் எந்த மீன் கிடைக்கும், எந்தக் கீரையை உண்ணலாம், எந்த மேகத்திற்கு மழை வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தபோது அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. அதைப் பேசும் வாய்கள் இன்னும் சில இருக்கின்றன. பல்லாண்டுகள் இருக்கப் போவதில்லை. மாநிலத் திட்டத்தில் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பங்களிக்க வேண்டும் என்று நான் கூறுவதற்கு இதுவே காரணம். தோட்டத்துப் பெரியவர்களின் நினைவுகளைத் தமிழிலேயே பதிவு செய்து காப்பது ஒரு மொழிப்பணி. அதே நேரத்தில் சுற்றுச்சூழல் பணி.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு இதில் மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, சொல். கண்டல் காடு, கழிமுகம், கரைந்த உயிர்வளி, அட்டவணைக் கழிவு போன்ற சொற்கள் பிள்ளைக்கும் பாட்டிக்கும் புரியும்படி படத்தோடு ஒரு சிறு கையேடாக வர வேண்டும். தமிழ்த்துறை மாணவரும் அறிவியல்துறை மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஒரு விடுமுறைக்குள் முடியக்கூடிய பணி இது. இரண்டாவது, துணை. சமூகப் பணிக்காகப் பள்ளிக்கு ஒருநாள் சென்று பரிசு கொடுத்துப் படம் எடுத்துத் திரும்புவதற்குப் பதிலாக, ஒரே பள்ளிக்கு மாதம் ஒருமுறை ஓராண்டு செல்லலாம். ஆற்றங்கரைப் பதிவில் ஆசிரியருக்குக் கைகொடுக்கலாம். மூன்றாவது, குரல். ஊராட்சி மன்றத்திற்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் நாம். பிள்ளைகளின் பதிவிற்குப் பதில் வராதபோது அதை மரியாதையோடும் விடாப்பிடியோடும் கேட்க வேண்டியவர்களும் நாமே.

செலவு என்னாகும் என்று சிலர் கேட்கலாம். நான் மேலே கூறியவற்றில் மிகுந்த செலவு பிடிப்பது கைப்பிடிச் சுவரும் கொட்டகையுந்தான். மழைமானியும் வெப்பமானியும் குறிப்பேடும் ஒரு பரிசளிப்பு விழாவின் மேடை அலங்காரச் செலவுக்குள் அடங்கிவிடும். பதில் எழுதும் அதிகாரியின் நேரம் மட்டுமே உண்மையில் விலையுயர்ந்தது. அந்த நேரத்தை ஒதுக்க ஒரு மாநிலம் முன்வருகிறதா என்பதைக் கொண்டே அதன் திட்டம் ஏட்டளவினதா, உண்மையானதா என்று நாம் முடிவு செய்யலாம்.

கூட்டரசு பாடத்தைக் கொடுத்துவிட்டது. ஆறு மாநிலத்திடம் இருக்கிறது. பார்க்கும் கண்களும் முகரும் மூக்கும் நம் பிள்ளைகளிடம் உள்ளன. இம்மூன்றையும் ஓர் ஒழுங்கில் இணைப்பது இயலாத செயலன்று. வாசகத் தோழர்களே, இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுக்கு மிக அருகில் ஓடும் ஆற்றின் பெயரைத் தேடிப் பாருங்கள். அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பும்போது, நீங்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரைச் சந்தித்து, அந்த ஆற்றை மாணவர்களுக்குக் காட்ட என்ன தேவை என்று கேளுங்கள். மாநிலம் திட்டம் தீட்டும் நாளில், அவர் தரும் பட்டியலும் அதில் இடம்பெற வேண்டும்.